மெக்சிகோ வெள்ளிப் பாதை: வாட்ஸ்அப் தகவலில் எது தவறு?

"1598-ல் ஸ்பானியத் தளபதி ஒன்யாதே புதிதாக வெட்டிய பாதை, மெக்சிகோ சிட்டி முதல் அமெரிக்காவின் சாண்டா ஃபே வரை முழுவதும் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம்" என்று படத்துடன் ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. 'கமினோ ரியல் தெ தியேரா அதேந்த்ரோ' என்ற அரச பாதை பற்றியது அது. படம் அழகுதான், செய்தி தவறு.

ஒன்யாதேக்கு அரை நூற்றாண்டு முன்பே, மெக்சிகோவின் சகாடெகாஸ் பகுதியில் 1546-ல் வெள்ளி கிடைத்ததுமே இந்தப் பாதை உருவாகத் தொடங்கிவிட்டது. தெற்கே வெள்ளி போகும். அதைப் பிரித்தெடுக்க வேண்டிய பாதரசம் ஐரோப்பாவிலிருந்து வரும். ஒன்யாதே செய்தது வடக்கே நியூ மெக்சிகோ வரை நீட்டியது. அதுவும் வெறுங்காட்டில் அல்ல, பழங்குடி மக்கள் ஏற்கெனவே நடந்த தடங்களை ஒட்டித்தான். இதை மறைப்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

சரி, யுனெஸ்கோ? 2010-ல் பட்டியலில் சேர்ந்தது சுமார் 2,600 கிலோமீட்டரில் மெக்சிகோவுக்குள் உள்ள 1,400 கிலோமீட்டர் பகுதி. அதிலும் பாலம், பழைய பண்ணைவீடு என 60 இடங்கள். அமெரிக்கப் பகுதி 2000-லேயே அந்நாட்டுச் சட்டப்படி தேசிய வரலாற்றுத் தடமானது. அது வேறு அங்கீகாரம்.

யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் அமெரிக்க தேசியப் பூங்காச் சேவையின் தளத்திலும் இவற்றைச் சரிபார்க்கலாம். அந்தத் தகவல் உங்களுக்கு வந்தால், தயவுசெய்து அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.