மீதி பாயிண்ட் ஒண்ணு

சார்: செல்வி, அங்கயே நில்லு! சிங்க் பக்கம் போகாத. நம்ம கிச்சன்ல 5,000 கோடி இருக்கு!

செல்வி: மெதுவா பேசுங்க சார். எதிர் வீட்டுக்காரரு இன்கம் டாக்ஸ்ல இருக்காரு.

சார்: பணம் இல்லம்மா, பாக்டீரியா! பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்ச்ல. ஜெர்மனியில 2017ல 14 பழைய ஸ்பாஞ்சை ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. சில இடத்துல, ஒரு கன சென்டிமீட்டருக்கு 5,000 கோடிக்கும் மேல. சுண்டு விரல் நுனி இருக்குல்ல, அந்த அளவுத் துண்டு.

செல்வி: நம்மளுது பாதி தேஞ்சு போச்சே சார். ஒரு 2,500 போட்டுக்கோங்க.

சார்: சிரிப்பா இருக்கா? மனுஷ மலத்துல எவ்வளவு நெருக்கமா இருக்குமோ, அந்த அளவுக்கு நெருக்கமாம்.

செல்வி: பொங்கலுக்கு முன்னாடியே புதுசு கேட்டேன். இப்ப ஆடி பொறந்தாச்சு. "இன்னும் நல்லாத்தானேம்மா இருக்கு"ன்னு நீங்கதான் பிழிஞ்சு காட்டுனீங்க.

(அந்த ஸ்பாஞ்ச் குழாய்க்குப் பின்னால் கிடக்கிறது. பச்சைப் பக்கம் சொட்டை. மஞ்சள் பக்கம் டிகாக்ஷன் நிறம். ஓட்டைக்குள் நேற்றைய பருக்கை ஒன்று.)

சார்: அதுக்குத்தான் ஸ்ப்ரே வாங்கியிருக்கேன், 380 ரூபா. 99.9 சதவீதம் காலி. எங்க, கையை நீட்டு.

செல்வி: மீதி பாயிண்ட் ஒண்ணு?

சார்: என்னது?

செல்வி: 99.9 செத்துச்சு. மீதி பாயிண்ட் ஒண்ணு எங்க போகும்?

சார்: அது... சும்மா ஒரு பேச்சுக்குப் போடறது.

செல்வி: 5,000 கோடியில பாயிண்ட் ஒண்ணுன்னா 5 கோடி சார். சென்னை மொத்தமும் கூட்டுனா கூட அத்தனை பேரு கிடையாது. சாகலைன்னா சும்மாவா உக்காந்திருக்கும்?

சார்: (போனைத் தள்ளிப் பார்த்து) ஈரமும் தீனியும் கிடைச்சா சில வகை 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை ரெண்டாகுமாம்.

செல்வி: (விரல் மடக்கி) 5, 10, 20, 40... பத்து மடிப்பு. 200 நிமிஷம். காலையில 9 மணிக்கு அடிச்சீங்கன்னா 12:20க்கு மறுபடியும் 5,000 கோடி. எங்க ஏலச்சீட்டு கூட இந்த வேகத்துல ஏறாது சார்.

(செல்வி படித்தது ஏழாவது வரை. பதினோரு வருஷமாகச் சீட்டுப் பிடிக்கிறார். சார் ரிட்டயர்டு சூப்பரின்டெண்டன்ட், அதுவும் கணக்குப் பிரிவில்.)

சார்: அப்போ கொதிக்கிற தண்ணியில போட்டு எடுத்துடலாம்.

செல்வி: அந்த ஜெர்மன்காரன் அதுக்கு என்ன சொல்றான்?

சார்: (குரல் இறங்கி) அடிக்கடி சுத்தம் பண்ண ஸ்பாஞ்ச்லயும் குறையலையாம். வாராவாரம் மாத்திடுங்கன்னு சொல்றான்.

செல்வி: பத்து ரூபா சார் அது.

சார்: விடு அதை. இதெல்லாம் வீட்டுக்குள்ள எப்படி வருதுங்கற? வெளியிலருந்து வர்றவங்க கொண்டு வர்றதுதான். நான் உன்னைச் சொல்லல. பொதுவாச் சொல்றேன்.

செல்வி: பொதுவா இந்த வீட்டுக்கு வெளியிலருந்து வர்றது நானும் பேப்பர்காரத் தம்பியும்தான். அந்தத் தம்பி வாசலோட வீசிட்டுப் போயிடுது.

சார்: இரு, அதையும் படிக்கிறேன். அமெரிக்காவுல 7 குடும்பத்தோட வீட்டை 6 வாரம் துடைச்சுத் துடைச்சு சாம்பிள் எடுத்திருக்காங்க. 2014ல வந்த ஆராய்ச்சி. அதுல ஒரு குடும்பம் ஹோட்டல்லருந்து புது வீட்டுக்கு மாறியிருக்கு. ஒரே நாள்ல அந்த வீடு பூரா அவங்களோட கிருமியாம்.

செல்வி: பால் காய்ச்சறதுக்குள்ள அது குடி வந்துடுச்சா! அட்வான்ஸ் கூடக் குடுத்திருக்காதே.

சார்: எல்லாம் கெட்டதும் இல்லையாம். நிறைய நம்ம தோல்லருந்து உதிர்றதுதான். அந்தந்த வீட்டுல இருக்கறது பெரும்பாலும் அந்தந்த வீட்டுக்காரங்க... (நிறுத்துகிறார்.)

செல்வி: படிங்க சார்.

சார்: ...நெட் சரியா கிடைக்கல.

செல்வி: நான் இங்க இருக்கறது காலையில ஒரு மணி நேரம். நீங்களும் அம்மாவும் 24 மணி நேரமும் இருக்கீங்க. ஏசி போட்டு, ஜன்னலைச் சாத்திட்டு. அப்போ அந்த 5,000 கோடி யாரு வீட்டு ஆளுங்க?

சார்: மீதி பாயிண்ட் ஒண்ணு உன்னோடதா இருக்கலாம்ல!

செல்வி: இருக்கட்டும். அது மட்டும்தான் சார் உங்க ஸ்ப்ரேக்குச் சாகல. உழைச்ச உடம்பு.

(சார் ஸ்ப்ரேயை ஒருமுறை குலுக்கிவிட்டு ஃப்ரிட்ஜ் மேல் வைக்கிறார்.)

சார்: சரி சரி, காபி இருக்கு. குடிச்சிட்டு வேலையைப் பாரு.

செல்வி: எதுல ஊத்துவீங்க?

சார்: அதான்... உன் டம்ளர்ல.

(ஜன்னல் விளிம்பில் ஒரு எவர்சில்வர் டம்ளர் கவிழ்ந்திருக்கிறது. கலந்துவிடக் கூடாது என்று அதன் அடியில் அம்மா சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்திருக்கிறார்.)

செல்வி: இந்தப் பொட்டு வெச்ச டம்ளரை எதால தேய்க்கறேன்னு நினைக்கிறீங்க சார்?

சார்: எதால?

செல்வி: அந்த 5,000 கோடியாலதான். உங்க டம்ளரையும் அதாலதான். முதல்ல என்னோடது, அப்புறம் உங்களோடது. ஆறு வருஷமா.

(சார் கையிலிருந்த காபியைப் பார்க்கிறார். பாதி குடித்தாயிற்று.)

சார்: நாளைக்கே புது ஸ்பாஞ்ச் வாங்கிடறேன்.

செல்வி: ரெண்டா வாங்குங்க சார். பொட்டு டம்ளருக்குத் தனியா ஒண்ணு.