ஐ.நா. உடன்படிக்கையில் அப்படி ஒரு நிபந்தனை இல்லை

புகைபிடித்தோ குடித்தோ உடம்பைக் கெடுத்துக்கொண்டவருக்குச் சிகிச்சை பெறும் உரிமை கிடையாது என்று ஐ.நா. உடன்படிக்கையே சொல்வதாக இங்கே ஒரு கருத்து பகிரப்படுகிறது. மன்னிக்கவும், அதில் அப்படி ஒரு வரி இல்லை.

1966-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான உடன்படிக்கையைத்தான் சொல்கிறார்கள். எட்டக்கூடிய உச்ச அளவு உடல், மன நலத்துக்கான உரிமை "ஒவ்வொருவருக்கும்" உண்டு என்கிறது அதன் 12-வது பிரிவு. நோயுற்றால் அனைவருக்கும் மருத்துவ வசதி கிடைக்கும்படி செய்யவும் அதே பிரிவின் கடைசி உட்பிரிவு சொல்கிறது. நோய் யாருடைய தப்பால் வந்தது என்று அது கேட்கவே இல்லை.

குழப்பம், இந்த உடன்படிக்கையை விளக்கி அதைக் கண்காணிக்கும் ஐ.நா. குழு 2000-இல் வெளியிட்ட 14-வது பொதுக் கருத்துரையிலிருந்து வந்திருக்கலாம். 12-வது பிரிவு சொல்லும் உரிமை 'நலமாக இருக்கும் உரிமை' அல்ல, மரபணுவும் ஒருவரின் பழக்கவழக்கமும் உடல்நலத்தைப் பாதிக்கும், எல்லா நோயிலிருந்தும் அரசு காப்பாற்றிவிட முடியாது என்று அதில் இருக்கிறது. சரி, நலமாக இருப்போம் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதனால் சிகிச்சையை மறுக்கலாம் என்று ஆகிவிடாது. (சொந்தப் பொறுப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது தனி விவாதம்.)

நீங்களே சரிபார்க்கலாம். ஐ.நா. மனித உரிமை அலுவலக இணையதளத்தில் இரண்டும் முழுசாக இருக்கின்றன. கருத்துரை நீளம்தான், 8, 9-வது பத்திகளை மட்டும் பார்த்தால் போதும்.