ஓவர்டைம் கணக்கை வைத்து ஆளை எடை போடாதீர்கள்

"செம்பனை ஆலைப் பழுதுபார்ப்பில் ஓவர்டைம் அதிகம் செய்கிறவருக்கே நேரத்தைக் கையாளத் தெரியும், பஞ்ச் கார்டைப் பார்த்தால் போதும்" என்று மேலே ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். அது தவறு. இதை வைத்து ஒருவரின் போனஸை முடிவு செய்தால் பெரிய அநியாயம்.

கார்டு வருகையைத்தான் காட்டும். மலேசியாவில் 2023 முதல் சட்டப்படி வாரத்துக்கு 45 மணி நேரம்; அதைத் தாண்டினால் சாதாரண நாளில் ஒன்றரை மடங்கு கூலி. வேலையை இழுப்பவருக்கும் அதே கூலிதான்.

நான்கு வாரத்துக்கு ஒவ்வொரு வேலைக்கும் நான்கு விவரம் எழுதுங்கள்: அவரே சொன்ன மணி, கை வைத்துச் செய்த மணி, காத்திருந்த மணி, தாமதமாகும் என்று எப்போது தெரிவித்தார். காத்திருப்பைப் பிரிக்காவிட்டால் கணக்கே கெட்டுவிடும். வெல்டர் 6 மணி என்று சொன்ன வேலை 9 மணி ஆனது என்று வையுங்கள். அதில் 3 மணி, வேலையைத் தொடங்க அனுமதிக்கும் பெர்மிட்டில் சூப்பர்வைசர் கையெழுத்துப் போடாததால் போனது என்றால் வெல்டர்மேல் குறையே இல்லை. ஈப்போவிலிருந்து பேரிங் வந்து சேராத நாளும் அப்படித்தான்; அது திட்ட மேலாளரின் பொறுப்பு.

செய்த மணியைச் சொன்ன மணியால் வகுங்கள். எப்போதும் 1.5-க்குப் பக்கத்திலேயே வந்தால் அவருக்கு மதிப்பிடத்தான் வரவில்லை. பழைய கணக்கைக் காட்டினால் திருந்திவிடும். ஒரு நாள் 0.8, மறுநாள் 2 என்று தாறுமாறாக வந்தால்தான் உட்கார்ந்து பேச வேண்டும். என்னைக் கேட்டால் நாலாவது விவரமே முக்கியம்: இரண்டு நாள் முன்பே "முடியாது" என்று சொல்கிறவரை, கடைசி நாள் மாலைவரை வாய் திறக்காதவரோடு ஒரே தட்டில் வைக்காதீர்கள்.