மதில் கட்டுற மகராசன்மாரே, தண்ணிக்கு ஒரு ஓட்டை விடுங்கோ!

விடியப்புறம் மூண்டு மணிக்குக் கட்டிலால காலைக் கீழ வச்சா கணுக்கால் மட்டும் தண்ணி. முத்தத்தில செருப்பு மிதக்குது. கோழிக்கூடு சரிஞ்சு கிடக்கு. கக்கூஸ் குழி நிரம்பி வழிஞ்ச தண்ணி கிணத்தடிக்கும் போட்டுது. இனி மோட்டார் போட்டு இறைச்சு, குளோரின் போட்டு, அதுமட்டும் குடிக்கிற தண்ணிக்கும் காசு.

இரணைமடுக் குளம் திறந்ததோ எண்டு கேக்காதேங்கோ. 2018 மார்கழியில வான்கதவெல்லாம் திறந்து கிளிநொச்சிப் பக்கம் சனம் பள்ளிக்கூடங்களில போய்க் கிடந்த நேரம்கூட எங்கட வாசற்படி நனையேல்லை. இப்ப பெய்தது ரெண்டு நாள் மாரி மழை. அவ்வளவுதான்!

வெள்ளத்தை வடிய விடாமல் உள்ளுக்க விட்டது மதில். பின்வளவு மதில்.

2010இல, சண்டை முடிஞ்சு மீளக்குடியேறி வரேக்க இந்தக் குடியிருப்பில மதிலே இல்லை. தறப்பாள் கொட்டில், கிளுவைக் கதியால், முள்ளுக்கம்பி. மேட்டில பெய்யிற தண்ணி வேலிக்குள்ளால வளவு வளவா ஓடி வாய்க்காலுக்குப் போயிடும். பிறகு இந்திய வீட்டுத்திட்டம் வந்தது. அஞ்சரை லட்சம். அது காணாதெண்டு மனுசியின்ர காப்பை அடகு வச்சு அத்திவாரத்தை ரெண்டடி உயர்த்தினனான். கெட்டிக்காரன் எண்டு நினைச்சன். அதுக்குப் பிறகு ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒழுங்கைக்குக் கிரவல் கொட்டிக் கொட்டி, இப்ப ஒழுங்கையும் என்ர விறாந்தையும் ஒரே மட்டம்.

சரி, முன்னால போகாட்டில் பின்னால போகட்டுமெண்டா, அங்க நிலம் கைமாறிப்போச்சு. ஏக்கரில கதைச்ச வன்னியில இப்ப பரப்புக் கணக்கில காணி விக்கினம். ஒரு ஏக்கர் பதினாறு பரப்பு. நாலு பேர் வாங்கினா நாலு மதில். ஆளாளுக்கு டிப்பர் டிப்பராய் மண் பறிச்சுத் தங்கட துண்டை உயர்த்த, நடுவில கிடந்த என்ர வளவு குளமாப் போச்சு. குளத்துக்கெண்டாலும் தண்ணி வெளிய போக வானும் துருசும் இருக்கும்.

பின்வீட்டில ஆளே இல்லை. கனடாவில இருக்கிற தம்பி ஆறடி மதில் கட்டி, கேட்டுக்குப் பூட்டுப் போட்டு, நாலு மூலையிலயும் கமரா பூட்டியிருக்கிறார். அங்க இருந்துகொண்டு என்ர முத்தத்து வெள்ளத்தை வடிவாப் பாக்கலாம். போன் எடுத்து மதிலில ஒரு ஓட்டை விடச் சொன்னா, "அண்ணை, மதில் வெடிச்சிடும், மாரி முடியப் பாப்பம்" எண்டார். மாரி முடிஞ்சா தண்ணியே இல்லையே, தம்பி! ஆடி ஆவணியில என்ர கிணத்தில வாளி நிலத்தில இடிக்கும், அப்ப என்னத்தைப் பாக்கிறது?

முறைப்பாடு குடுக்கப் போனா, அது தனியார் காணிப் பிரச்சினையாம், தங்கட மேசைக்கு வராதாம். அடுத்த மேசையில, வாய்க்கால் வரைபடத்தில இருக்கோ எண்டு கேக்கினம். தண்ணி வரைபடம் பாத்தே ஓடினது?

மதிலில ஓட்டை போட்டுப் பதிக்க நாலங்குலக் குழாய் ஒண்டு, ஒரு பை சீமெந்து, எல்லாம் என்ர காசில வாங்கி விறாந்தையில வச்சிருக்கிறன். சீமெந்து நனைஞ்சு கல்லாப் போச்சு. மதில் இடிக்கிற அலவாங்கு மட்டும் நல்லா இருக்கு. தம்பி, கமராவில பாத்துக்கொண்டிருந்தா ஒருக்கா ஓமெண்டு சொல்லும்.