தானாக விழுந்தார்

"எப்படி அடிபட்டது?"

விபத்துப் பிரிவில் பணியில் இருக்கும் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். அடிபட்டவர் பதில் சொல்லும் நிலையில் இருப்பது அபூர்வம். கூட வந்தவர்தான் சொல்கிறார். அவர் சொல்வதை விபத்துப் பதிவேட்டில் ஒரு வரியாகக் குறித்துக்கொண்டு மருத்துவர் சிகிச்சையைப் பார்க்கப் போய்விடுகிறார். அந்த வரியின் நகல் என் மேசைக்கு வந்து சேர எட்டு மாதமாவது ஆகும். அதற்குள் எலும்பு கூடியிருக்கும், கடன் ஏறியிருக்கும். வரி மட்டும் எழுதியது எழுதியபடி இருக்கும்.

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு மாவட்டத்தில் இருபத்திரண்டு வருடமாக வாகன விபத்து இழப்பீட்டு வழக்குகள் நடத்துகிறேன். எம்.சி.ஓ.பி. என்று நாங்கள் சொல்லும் வழக்குகள். வாதத் திறமையால் ஜெயித்தேன் என்று சொல்ல என்னிடம் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே வழக்குகள் உண்டு. மற்றவை எல்லாம் முதல் பத்து நாளில் யாரோ எழுதிய, அல்லது எழுதாமல் விட்ட, தாளால் ஜெயித்தவை, தோற்றவை.

சென்ற மாதம் தோற்ற ஒன்றைச் சொல்கிறேன். மனுதாரர் ஒரு பால்காரர். விடியற்காலை ஐந்தரை மணி, மொபெட்டின் இரு பக்கமும் கேன். பின்னால் வந்த சரக்கு வேன் தட்டிவிட்டது. வேன்காரர் ஓடிவிடவில்லை. இறங்கினார், தூக்கினார், ஆட்டோவில் ஏற்றியும் விட்டார். தகவல் கேட்டு ஓடிவந்த மைத்துனரின் கையில் எட்டாயிரம் ரூபாயை வைத்து, "கேஸ் எல்லாம் எதற்கு? வைத்தியச் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன், பேசி முடித்துக்கொள்வோம்" என்றார். போலீஸ் கேஸ் என்றால் கட்டுப் போடவே தாமதமாகும் என்று வரிசையில் நின்ற யாரோ வேறு பயமுறுத்தியிருக்கிறார். விபத்தைக் கண்ணால் பார்த்திராத மைத்துனர் மருத்துவரிடம் சொன்னார்: "வண்டி சறுக்கித் தானாக விழுந்துவிட்டார் ஐயா."

தொடை எலும்பு மூன்று துண்டு. எட்டாயிரம் இரண்டாம் நாளே தீர்ந்தது. வேன்காரர் மூன்றாம் நாள் வரை போனை எடுத்தார். ஒன்பதாம் நாள் காவல் நிலையத்தில் புகார்.

குறுக்கு விசாரணையில் காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் குரலையே உயர்த்தவில்லை.

"மருத்துவமனையில் வேன் எண்ணைச் சொன்னீர்களா?"

"நான் மயக்கத்தில் இருந்தேன் ஐயா."

"உங்கள் மைத்துனருக்கும் உங்களுக்கும் பகை ஏதாவது உண்டா?"

"இல்லை ஐயா. தங்கமான மனிதர்."

"அப்படியானால் அவர் மருத்துவரிடம் பொய் சொல்லியிருக்க மாட்டார்?"

பால்காரர் என்னைப் பார்த்தார். நான் வழக்குக் கட்டைப் பார்த்தேன்.

"புகார் ஒன்பதாம் நாள். ஒன்பது நாளும் மயக்கமா?"

மனு தள்ளுபடி. 90 நாள் கெடுவுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு போட்டிருக்கிறோம். மைத்துனர் இப்போது என் அலுவலகப் படியேறுவதில்லை. வெளியே டீக்கடையில் நிற்கிறார்.

போலீஸ் கேஸ் என்பதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட யாருக்கும் உரிமை கிடையாது. சடங்கு சம்பிரதாயங்களுக்குக் காத்திராமல் உடனே சிகிச்சை அளிப்பது மருத்துவரின் கடமை என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆவது பிரிவே சொல்கிறது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரிலிருந்து, அடிபட்டவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் நடக்கிறது. 2025 மே மாதம் மத்திய அரசும் ஏழு நாள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டத்தை அறிவித்தது. ஆகவே கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். வண்டி எண் தெரிந்தால் எண், தெரியாவிட்டால் வேனா பஸ்ஸா என்பதாவது. பார்க்கவில்லையென்றால் "நான் பார்க்கவில்லை, பின்னால் வந்து சேர்ந்தேன்" என்பதே முழுப் பதில். ஊகம் செய்து உதவாதீர்கள்.

புகாரிலும் இதே கதைதான். நம் காவல் நிலையங்களில் ஒரு நிரந்தர வாக்கியம் உண்டு: 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து'. எந்த முதல் தகவல் அறிக்கையை எடுத்தாலும் இருக்கும். அது இருந்தால் போதும் என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்கு, சாலையின் எந்தப் பக்கம், எந்தச் சக்கரம் எங்கே பட்டது என்பதைத்தான் ஒரு முறை நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டும். வடக்கு தெற்காக மாறியதால் வரைபடத்தோடு ஒத்துப்போகாமல் தவித்த வழக்கு என்னிடம் இருக்கிறது. அறிக்கையின் நகலைக் காசில்லாமல் கொடுக்க வேண்டும், கேட்டு வாங்குங்கள்.

விபத்து பற்றிய முதல் அறிக்கையைக் காவல்துறை 48 மணி நேரத்துக்குள் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும், 90 நாளுக்குள் விரிவான அறிக்கை வர வேண்டும் என்று மத்திய அரசின் 2022 மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. படிக்க அழகாக இருக்கிறது. நீங்கள் அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். இழப்பீட்டு மனுவுக்கு ஆறு மாதக் கெடு 1.4.2022 முதல் மறுபடியும் சட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள் என்பது உண்மை; அந்த விவாதத்துக்கு உங்கள் வழக்கு உதாரணமாக வேண்டியதில்லை.

அடுத்து, சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். புத்தூர் கட்டு. அதனால் குணமானவர்கள் இருக்கலாம். வைத்தியத்தில் நான் தலையிடவில்லை. ஆனால் மருத்துவமனையில் சொந்தப் பொறுப்பில் போகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கட்டுப் போடப் போனவர், ஆறு மாதம் படுக்கையில் கிடந்தார் என்று நான் எதை வைத்து நிரூபிப்பது? எண்ணெய்க்கு ரசீது உண்டா, எக்ஸ்ரே உண்டா, தொடர்ந்து பார்த்த மருத்துவரின் குறிப்பு உண்டா? எதுவும் இல்லை. நான்காம் நாளே நடந்து வீட்டுக்குப் போனார் என்று எதிர்த்தரப்பு எழுதிக்கொள்கிறது.

இனி நான் ரொம்ப நேரம் பேசக்கூடிய விஷயத்துக்கு வருகிறேன். சதவீதம்.

மருத்துவக் குழுவின் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு "எனக்கு இருபது சதவீதம் ஊனம், எவ்வளவு கிடைக்கும்?" என்று கேட்கிறார்கள். அந்த இருபது, கையின் கணக்கு. பிழைப்பின் கணக்கு வேறு. இரண்டும் ஒன்றல்ல என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே விளக்கமாகச் சொல்லிவிட்டது. இடது கை போனால் ஓட்டுநருக்கும் தச்சருக்கும் கிட்டத்தட்ட முழுப் பிழைப்பும் போகிறது. அரசு அலுவலக எழுத்தருக்கு வேலையே போகாமலும் இருக்கலாம். இது அந்தத் தீர்ப்பில் வரும் உதாரணம். இருந்தும் நம் தீர்ப்பாயங்களில் 'ஒரு சதவீதத்துக்கு இவ்வளவு' என்று பெருக்கிக் கொடுக்கும் பழக்கம் போகவில்லை. சதவீதத்துக்கு ஐயாயிரம் என்றால் இருபதுக்கு ஒரு லட்சம். கறிக்கடையில் எடை போடுவதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. இதை எதிர்க்காமல் விட்டதில் வழக்கறிஞர்களான எங்களுக்கும் பங்கு உண்டு. வேலையைப் பற்றி ஒரு சாட்சிகூடப் போடாமல் சான்றிதழை மட்டும் நீட்டினால் நீதிபதி வேறு என்ன செய்வார்?

ஒரு கொத்தனார், வயது 34. வலது மணிக்கட்டு நொறுங்கிப் பிளேட் வைத்திருந்தார்கள். குழு கொடுத்தது இருபது சதவீதம். சோறு சாப்பிடுகிறார், சட்டைப் பித்தான் போடுகிறார், கையெழுத்துப் போடுகிறார். பார்த்தால் ஒன்றும் தெரியாது. சாட்சிக் கூண்டுக்கு வரும்போது அவருடைய கரணையைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். நீதிபதியின் அனுமதி கேட்டு, "சுவர் பூசுவது போலச் செய்து காட்டுங்கள்" என்றேன். பூச்சு வேலையைக் கவனித்தவர்களுக்குத் தெரியும். கலவையை அள்ளிச் சுவரில் வீசும் அந்த நொடியில் மணிக்கட்டு ஒரு சுழற்று சுழல வேண்டும். இல்லாவிட்டால் கலவை சுவரில் ஒட்டாது, காலடியில் விழும். அவர் கரணையைத் தூக்கினார். முழங்கை போனது, தோள் போனது, மணிக்கட்டு மட்டும் மரக்கட்டையாக நின்றது. இரண்டாம் முறை முயன்றபோது கரணை கைநழுவித் தரையில் விழுந்து கணீரென்றது. நான் வேறு கேள்வி கேட்கவில்லை.

நீதிபதி அறுபது சதவீத வருமான இழப்பு என்று எடுத்துக்கொண்டார். மாதம் 15,000 வருமானம், எதிர்கால உயர்வாக 40 சதவீதம் கூட்டி 21,000. வருடத்துக்கு 2,52,000. வருட வருமானத்தை எத்தனையால் பெருக்குவது என்பதை வயது முடிவு செய்யும்; முப்பத்துநான்கு வயதுக்கு அந்தப் பெருக்குத் தொகை 16. இது 2009 சரளா வர்மா தீர்ப்பின் அட்டவணை; அந்த 40 சதவீதம் 2017-இல் பிரணய் சேத்தி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது. ஆக 40,32,000, அதில் அறுபது சதவீதம் 24,19,200 ரூபாய். ஒரு லட்சமாக முடிந்திருக்க வேண்டியது.

இதிலும் எனக்கு ஒரு குறை. அவர் நாளுக்கு ஆயிரம் ரூபாய் வாங்கியவர். தாள் இல்லாததால் பதினைந்தாயிரத்தோடு நின்றது. கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டையைப் புதுப்பிக்கவில்லை. கூலியை எப்போதும் ரொக்கமாகவே வாங்கியிருக்கிறார். மேஸ்திரி மட்டும் சாட்சிக்கு வந்தார். அவரிடம் இருந்த கணக்கு நோட்டில் பெயருக்குப் பதில் 'குட்டை', 'மாமா' என்று எழுதியிருந்தது. மாதச் சம்பளக்காரர்களுக்கு இந்தப் பாடு இல்லை. அன்றாடம் காய்ச்சிகளுக்குத்தான் சொல்கிறேன்: கூலியில் ஒரு பகுதியாவது வங்கிக் கணக்கு வழியாக வரட்டும், வாரிய அட்டையைப் புதுப்பித்து வையுங்கள், வேலை செய்யும் இடத்தில் கைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். வீட்டுவேலை மட்டும் பார்க்கும் பெண்களுக்கு வருமானம் இல்லை என்று எழுதிக் கொடுக்கும் வழக்கறிஞரை உடனே மாற்றுங்கள். அந்த உழைப்புக்கும் கணக்குப் போட்டு இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டது.

சாட்சி சொல்லும்போது ஒன்றே ஒன்று. "எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் வந்தது?" என்று கேட்டால் "நூறு" என்று சொல்லாதீர்கள். பின்னால் வந்த வண்டியின் வேகம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்பது அடுத்த கேள்வியாக வரும். தெரியாது என்பதும் பதில்தான். ஹெல்மெட் போடவில்லை, மூன்று பேர் போனோம் என்றால் அதையும் ஒப்புக்கொள்ளுங்கள். மூன்று பேர் போனதே விபத்துக்குக் காரணம் என்று காட்டாதவரை அதை வைத்து மட்டும் இழப்பீட்டைக் குறைக்கக் கூடாது என்று 2020-இல் தீர்ப்பு வந்திருக்கிறது. மறைத்து மாட்டிக்கொண்டால் சொன்ன உண்மைகளுக்கும் மதிப்புப் போய்விடும்.

மருத்துவமனை வாசலில் பழப் பையோடு வந்து விசாரிக்கும் ஆளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சொந்தக்காரர் போலப் பேசுவார். "பத்துப் பைசா கொடுக்க வேண்டாம், வருவதில் பாதி" என்பார். வழக்கின் முடிவில் பங்கு பேசிக் கட்டணம் வாங்க வழக்கறிஞருக்கு இந்த நாட்டில் அனுமதியே இல்லை. இப்போது இழப்பீடு நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கே போகிறது. அதனால் பாஸ்புக்கையும் கையெழுத்துப் போட்ட காசோலையையும் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். வெற்று வக்காலத்தில் கையெழுத்துக் கேட்டால் கொடுக்காதீர்கள். அதைவிட மோசம், "காப்பீடு இருக்கிற வேறு வண்டியைக் காட்டிவிடலாம்" என்ற யோசனை. அது மோசடி, சிறைக்கு வழி. இந்தக் கூத்தினால்தான் உண்மையாக அடிபட்டவர் ஒன்பதாம் நாள் வந்தால் நீதிமன்றம் சந்தேகக் கண்ணோடு பார்க்கிறது. என் பால்காரருக்கு அவர்கள் செய்த கைங்கரியம் அது.

இடித்தது அரசுப் பேருந்து என்றால் தொகை தீர்ப்பானதும் வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். நீதிமன்ற உத்தரவை நிறைவேற்றும் ஊழியரான அமீனா பேருந்து நிலையத்துக்குப் போய்ப் பயணிகளை இறக்கிவிட்டு வண்டியை ஜப்தி செய்து நீதிமன்ற வளாகத்தில் நிறுத்தும் செய்தியை நாளிதழில் பார்த்திருப்பீர்கள். எனக்கு அதில் ஒரு பெருமையும் இல்லை. நாலு வருடம் நடந்து ஜெயித்த ஒரு விதவை, அந்தப் பேருந்தின் நிழலில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இடித்த வண்டி எதுவென்றே தெரியாமல் போனாலும் வழி உண்டு. 1.4.2022 முதல் உயிரிழப்புக்கு இரண்டு லட்சம், கொடுங்காயத்துக்கு ஐம்பதாயிரம். நீதிமன்றம் போக வேண்டாம். கோட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பம். இது தெரியாமலே எத்தனையோ குடும்பங்கள் காரியம் முடித்துவிட்டுச் சும்மா இருந்துவிடுகின்றன.

உள்பெட்டியில் என் கைபேசி எண்ணைக் கேட்காதீர்கள். விளம்பரம் செய்து வழக்குப் பிடிக்க பார் கவுன்சில் விதி இடம் தரவில்லை, எனக்கும் இருக்கும் வழக்குக் கட்டுகளே போதும். உங்கள் ஊர் நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. அழைக்க வேண்டுமானால் 15100. போகும்போது விபத்துப் பதிவேட்டின் நகலை மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள். கிளம்புவதற்கு முன் அந்த ஒரு வரியை நீங்களே ஒரு முறை படித்துவிடுங்கள்.