பாலம் கட்டுனது கிழவன் இல்ல

ஞாயித்துக்கிழமை நம்ம ஹால்ல 'கிரான் டொரினோ'ங்குற ஆங்கிலப் படம் போட்டு முடிச்சதும் என்ன நடந்துச்சுன்னு வந்தவங்களுக்குத் தெரியும், திரும்பக் கிளற ஆசையில்ல. ஆனா "வெள்ளைக்காரத் தாத்தா ஆசியக் குடும்பத்தக் காப்பாத்துற கதை, 2008ல வந்தத இன்னுமா கொண்டாடுறீங்க"ன்னு ஒரே வரியில முடிச்சு, எல்லாரும் கைதட்டி, நான் வாயத் திறக்குறதுக்குள்ள மைக்க வாங்கிட்டுப் போயிட்டாங்க பாருங்க, அது இன்னும் உறுத்துது.

அந்தப் படத்துல ரெண்டு ஜனத்துக்கும் நடுவுல பாலம் கட்டுனது கிழவன் இல்லங்க. சூ. பக்கத்து வீட்டு ஹ்மாங் பொண்ணு, தென்கிழக்கு ஆசிய மலை ஜனம்.

அந்தக் கிழவன் வால்ட் கோவால்ஸ்கி யாரு? ஃபோர்டு ஆலையில வேலை பாத்து ரிட்டயர் ஆனவரு, கொரியா போருக்குப் போயிட்டு வந்தவரு, பக்கத்து வீட்டுக்காரங்க நன்றின்னு படியில வச்சுட்டுப் போன சாப்பாட்டத் தூக்கிக் குப்பையில போடுறவரு. அவரா பாலம் கட்டுனவரு? வீட்டுல விருந்து, பியர் இருக்கு வாங்கன்னு கூப்பிட்டது சூ. குழந்தை தலையத் தொட்டுட்டு முழிச்சவருக்கு அது ஏன் தப்புன்னு சொல்லிக்குடுத்தது சூ. ஹ்மாங்னா ஊர் இல்ல, ஜனம், வியட்நாம் போர்ல உங்க அமெரிக்காக்காரங்க பக்கம் நின்னதாலதான் இங்க வந்து கெடக்குறோம்னு அவரு வண்டியில உக்காந்து பாடம் எடுத்ததும் சூதான்.

கடைசியில உயிரக் குடுத்தது அவருதானேம்பீங்க. குடுத்தாரு. சூ குடும்பத்தத் தொந்தரவு பண்ணுன கேங் பையன அடிச்சுப் போட்டு வீரம் காட்டுனதும் அவருதான், அந்த கேங் பழி வாங்குனப்ப அதுக்கு வெல குடுத்தது சூ. காப்பாத்தப் போகலங்க, கடன அடைக்கப் போனாரு.

சூவோட தம்பி தாவோவா நடிச்ச பீ வாங் பின்னாடி சொன்னதும் தெரியும், படத்துல வால்ட் திட்டுற இனத் திட்டுகளுக்கு தியேட்டர்ல வெள்ளைக்காரங்க விழுந்து விழுந்து சிரிச்சது அவருக்கு எவ்வளவு வலிச்சுதுன்னு. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. ஆனா ஞாயித்துக்கிழமை நம்ம ஹால்லயும் சிரிப்பு வந்துச்சே, கைதட்டுன நீங்களும்தான் சிரிச்சீங்க, நான் பாத்தேன்.

வெளிய வரும்போது ஒருத்தரு, "உங்க அப்பா ஞாபகத்துல பாக்குறீங்க, அதான் படம் பெருசாத் தெரியுது"ன்னாரு. ஆமா, அப்பா ஞாபகந்தான், அதுல என்ன தப்பு? வால்ட் பொறந்தநாளுக்கு மகனும் மருமகளும் பெரிய பெரிய நம்பர் போட்ட போனயும் முதியோர் இல்ல நோட்டீசையும் கொண்டு வருவாங்கல்ல, அந்த சீன் வந்தப்ப ஹால்ல எல்லாரும் சிரிச்சாங்க. நானும் எங்கப்பாவுக்கு அதே மாதிரி போன்தான் வாங்கிக் குடுத்தேன். பெட்டியப் பிரிக்கவே இல்ல. "நல்லாருக்குப்பா"ன்னு மட்டும் சொன்னாரு. பக்கத்து வீட்டுப் பையன் வந்து பழைய போன்லயே எழுத்தப் பெருசாக்கிக் குடுத்துட்டுப் போயிருக்கான், அவன் பேசுற மொழி அப்பாவுக்குப் புரியாது, இவரு பேசுறது அவனுக்குப் புரியாது. அத எனக்கு ரெண்டு மாசம் கழிச்சுத்தான் சொன்னாரு, அதுவும் நான் கேட்டதால.

இதத்தான் அன்னைக்கு மைக்ல சொல்ல வந்தேன். ரெண்டு நிமிஷம் ஆகியிருக்கும், அவ்வளவுதான்.