எக்ஸிட் போனால் போகட்டும்

நகரத்துக்குள் ஹைவேயில் ஓட்டுகிற எல்லோரிடமும் ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும். எக்ஸிட், அதாவது ஹைவேயை விட்டு இறங்கும் வழி, தவறிவிட்டால் விட்டுவிடுங்கள். கடைசி நொடியில் ஸ்டீயரிங்கை வெட்டித் திருப்பாதீர்கள். இது தெரியாத டிரைவர் யாரும் இல்லை. ஆனாலும் ஒரு ஹைவேயிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் பெரிய இன்டர்சேஞ்ச் எதையாவது நெரிசல் நேரத்தில் கடந்து பாருங்கள், இரண்டு லேன் தாண்டி குறுக்கே பாய்கிற ஒரு வண்டியாவது கண்ணில் படும். தெரிந்தும் ஏன் இப்படி ஓட்டுகிறோம் என்பதுதான் என்னைப் பல நாளாக உறுத்துகிறது.

கணக்கை முதலில் பார்த்துவிடலாம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி நொடிக்குக் கிட்டத்தட்ட 28 மீட்டர் ஓடுகிறது. "இதுவா, அடுத்ததா?" என்று இரண்டே நொடி யோசித்தால் 55 மீட்டர் போய்விட்டது. அந்த நேரம் முழுக்கக் கண் வழிகாட்டிப் பலகையில் இருக்கிறது, கண்ணாடியில் இல்லை. முன்னால் போகிறவர் பிரேக் போட்டாலும் தெரியாது. சரி, எக்ஸிட்டை விட்டுவிட்டால் என்ன நஷ்டம்? அடுத்த எக்ஸிட் 3 கிலோமீட்டர் தள்ளி இருந்தால், போய்த் திரும்ப 6 கிலோமீட்டர். சிக்னல், யூ டர்ன் எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பத்து நிமிடத்துக்காக வண்டியில் இருக்கும் எல்லோரையும், பக்கத்து வண்டியில் இருப்பவர்களையும் பணயம் வைக்கிறோம்.

அடுத்த முறை நெரிசலில் மெதுவாக ஊர்ந்து போகும்போது, ஹைவேயும் எக்ஸிட்டும் பிரிகிற இடத்தைக் கவனியுங்கள். சாய்ந்த கோடுகள் போட்ட ஒரு முக்கோணம் இருக்கும். அது வண்டி போகிற இடமே இல்லை. ஆனாலும் கோடுகளின் மேல் கறுப்பாக டயர் தடம் குறுக்கே ஓடியிருக்கும். ஓரத்தில் நட்ட பிளாஸ்டிக் குச்சிகளில் சில அடியோடு முறிந்து கிடக்கும். கண்ணாடித் துகள், பம்பர் துண்டு, உருண்டு போன வீல் கப். நம்மைப் போலவே அந்த இரண்டு நொடி யோசித்தவர்கள் விட்டுப்போனவை அவை.

முக்கோணம் முடிகிற இடத்தில் தடுப்புச் சுவரோ தூணோ நிற்கும். அமெரிக்காவில் பல இடங்களில் அதற்கு முன்னால் மஞ்சள் நிற பிளாஸ்டிக் பீப்பாய்களை வரிசையாக வைத்திருப்பார்கள், உள்ளே மணல். இதை உருவாக்கியவர் ஜான் ஃபிட்ச் என்ற ரேஸ் கார் வீரர். 1955இல் பிரான்ஸின் லெ மான் கார் பந்தயத்தில் இவருடைய ஜோடி ஓட்டுநர் ஓட்டிக்கொண்டிருந்த கார் மோதிச் சிதறி, அதன் பாகங்கள் கூட்டத்துக்குள் பாய்ந்து 80க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு ஃபிட்ச் வாகனப் பாதுகாப்பில் இறங்கினார். அந்தப் பீப்பாய்களில் மணல் ஒரே அளவில் இருக்காது. முதலில் நிற்பதில் 90 கிலோ அளவுக்குத்தான் இருக்கும், பின்னால் போகப் போகக் கூடி, கடைசியில் 900 கிலோவைத் தாண்டும். மோதுகிற கார் முதல் பீப்பாயில் கொஞ்சம் வேகம் இழக்கும், அடுத்ததில் இன்னும் கொஞ்சம், இப்படி மெல்ல மெல்ல நிற்கும். எனக்கு இதில் பிடித்தது, மனிதன் தடுமாறுவான் என்பதை ஒப்புக்கொண்டு, தடுமாறினாலும் அவன் பிழைக்கட்டும் என்று ஒருவர் உட்கார்ந்து யோசித்ததுதான்.

ஆனால் பீப்பாய்க்கு வேலை வருவதற்கு முன்பே தடுமாற்றத்தைக் குறைக்க முடியும். கடைசி நொடியில் திரும்புகிறவரைத் திட்டுவது எளிது. அவரை அந்தக் கடைசி நொடி வரை குழப்பத்தில் வைத்திருந்த சாலையையும் பலகையையும் நாம் திட்டுவதே இல்லை.

நான்கு இதழ் வடிவில் கட்டிய இன்டர்சேஞ்சை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்தர் ஹேல் என்பவர் 1916இல் அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை பெற்றார். அங்கே இந்த வடிவத்தில் முதலாவது 1929இல் நியூ ஜெர்சியின் வுட்பிரிட்ஜில் வந்தது. சிக்னலே இல்லாமல் இரண்டு சாலைகளுக்கு இடையே எந்தத் திசையிலிருந்தும் எந்தத் திசைக்கும் போகலாம் என்பது அந்தக் காலத்தில் பெரிய விஷயம்தான். ஆனால் அதற்குள் ஒரு சிக்கல் உட்கார்ந்திருக்கிறது. இதழ் போல வளையும் ஒரு சுற்றிலிருந்து ஏறி வருபவர் ஹைவேயில் சேரும் இடமும், அடுத்த சுற்றில் இறங்கப் போகிறவர் ஹைவேயை விட்டு விலகும் இடமும் ஒரே துண்டுச் சாலை. ஒரே படிக்கட்டில் ஏறுபவரும் இறங்குபவரும் முட்டிக்கொள்ளும் பஸ் மாதிரி. ஏறுபவர் வேகத்தைக் கூட்டுகிறார், இறங்குபவர் குறைக்கிறார், இருவரும் ஒருவர் இடத்துக்கு இன்னொருவர் போயாக வேண்டும். இருப்பதோ சில நூறு மீட்டர்தான். வண்டிகள் குறைவாகவும் மெதுவாகவும் ஓடிய காலத்தில் அது தாங்கியது. இன்றைய நெரிசலில் தாங்காது.

இதற்கு மருந்தும் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். ஒன்று, ஏறுவது இறங்குவது எல்லாவற்றையும் ஹைவேக்குப் பக்கத்தில் தனியாக ஓடும் ஒரு சாலைக்குத் தள்ளிவிடுவது. டொராண்டோவின் 401 நெடுஞ்சாலையில் எக்ஸ்பிரஸ், கலெக்டர் என்று இரண்டாகப் பிரித்திருப்பது இந்த யோசனைதான். நேராகப் போகிறவர் உள்ளே நிம்மதியாகப் போகலாம், ஏறி இறங்கும் கலாட்டா எல்லாம் வெளியே. இன்னொன்று, மாடி மாடியாக அடுக்குவது. லாஸ் ஏஞ்சலஸில் 1953இல் முழுமையாகத் திறந்த நான்கு அடுக்கு இன்டர்சேஞ்ச்தான் இந்த வகையில் உலகத்துக்கே முதல். கீழேயிருந்து பார்த்தால் தலை சுற்றும், ஆனால் உள்ளே இந்த முட்டல் கிடையாது. செலவு அதிகம், ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பணம் எதற்குப் போகிறது என்றால், யோசிக்க நேரம் கொடுப்பதற்கு.

அடுத்தது பலகை. இதில்தான் எனக்குக் கோபம் அதிகம். பல பலகைகள் அந்த ஊர்க்காரருக்காக எழுதியவை போலவே இருக்கின்றன. ஊர்க்காரருக்குப் பலகையே வேண்டாமே! முதல் முறை வருகிறவருக்காக எழுத வேண்டும், அதுவும் அவர் இருட்டில், மழையில், பின்சீட்டில் குழந்தை அழும்போது வருகிறார் என்று நினைத்து எழுத வேண்டும்.

நன்றாகச் செய்கிற இடங்களும் இருக்கின்றன. ஜெர்மனியில் ஆட்டோபான் என்று சொல்லும் அதிவேக நெடுஞ்சாலைகள் இரண்டு சந்திக்கும் இடம் வருகிறது என்று 2,000 மீட்டர் முன்னாலேயே சொல்லிவிடுகிறார்கள். பிறகு 300, 200, 100 மீட்டரில் மூன்று கோடு, இரண்டு கோடு, ஒரு கோடு போட்ட சிறு பலகைகள் வரும். பிரிட்டனிலும் இதே மூன்று, இரண்டு, ஒன்று உண்டு, அங்கே கஜக் கணக்கு. எழுத்தே படிக்காமல் தூரம் புரிகிறது. அமெரிக்காவில் உங்கள் லேன் எக்ஸிட்டோடு முடியப் போகிறது என்றால் பலகையின் அடியில் மஞ்சள் பட்டை இருக்கும். எக்ஸிட் எண் எழுதிய சின்னப் பட்டை பலகையின் வலது மூலையில் இருந்தால் எக்ஸிட் வலப்பக்கம், இடது மூலையில் இருந்தால் இடப்பக்கம். தரையிலும் அடையாளம் உண்டு. முடியப் போகிற லேனின் கோடு குட்டையாக, தடிமனாக, நெருக்கமாக மாறிவிடும். இந்த மூன்றையும் தெரிந்துகொண்டால் பாதிப் பதற்றம் போய்விடும். பல வருடம் ஓட்டியவர்களே இதைக் கவனிப்பதில்லை.

குழப்புகிற இடத்துக்கும் ஓர் உதாரணம். கலிஃபோர்னியாவில் பெர்க்லி அருகே ஒரு துண்டுச் சாலையில் 80, 580 என்று இரண்டு நெடுஞ்சாலைகள் ஒன்றாக ஓடுகின்றன. ஒரே லேனில் போகும் நீங்கள், பலகையின்படி 80இல் கிழக்கு நோக்கியும் 580இல் மேற்கு நோக்கியும் ஒரே நேரத்தில் போகிறீர்கள். உண்மையில் வண்டி வடக்கே போய்க்கொண்டிருக்கும். இரண்டு சாலைகளும் மொத்தத்தில் எந்தத் திசையில் போகின்றன என்று பார்த்தால் பலகை சரிதான். காருக்குள் இருப்பவருக்கு அதனால் என்ன பயன்? அதனால்தான் நான் திசையை நம்பிப் போக வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்வேன்.

லாஸ் ஏஞ்சலஸில் இன்னொரு கதை. 110 நெடுஞ்சாலையில் வடக்கே போகிறவர்கள் 5ஆம் எண் நெடுஞ்சாலைக்கு மாறும் எக்ஸிட்டை, முன்கூட்டியே சொல்ல ஒழுங்கான பலகை இல்லாமல் தவறவிட்டுக்கொண்டிருந்தார்கள். ரிச்சர்ட் ஆங்க்ரம் என்ற ஓவியரும் அப்படித் தவறவிட்டவர். 2001 ஆகஸ்டில் அவர் என்ன செய்தார் தெரியுமா? 5ஆம் எண் சின்னத்தையும் 'வடக்கு' என்ற எழுத்தையும் அரசு விதிப்படி, அதே அளவு, அதே நிறத்தில் தானே செய்தார். தொழிலாளி போல ஹெல்மெட்டும் சட்டையும் மாட்டிக்கொண்டு பட்டப்பகலில் மேலே ஏறி, இருந்த பலகையிலேயே பொருத்திவிட்டு இறங்கினார். யாரும் தடுக்கவில்லை. விஷயம் பல மாதம் கழித்து வெளியே வந்தபோது, போக்குவரத்துத் துறை பரிசோதித்துப் பார்த்துவிட்டு அதை அப்படியே விட்டுவிட்டது. 2009இல் புதுப் பலகை வைத்தபோது அதே சின்னத்தைத் தாங்களே சேர்த்துக்கொண்டார்கள். ஹைவே பலகையில் யாரும் ஏறக்கூடாது, ஆபத்து. ஆனால் ஒரு சின்னமும் ஒரு சொல்லும் இல்லாததால் எத்தனை பேர் அங்கே தடுமாறினார்கள் என்பதை நினைத்தால் மனசு கேட்கவில்லை. தினமும் அந்த வழியாகப் போன எத்தனை அதிகாரிகளுக்கு அது தோன்றியிருக்க வேண்டும்!

அப்புறம் நம் பக்கத்து வேலை. புது நகரத்துக்குள் நுழையும் முன், வண்டி நிற்கும்போதே மேப்பைப் பெரிதாக்கிப் பார்த்துவிடுவேன். எக்ஸிட்டின் எண், பலகையில் வரப்போகிற ஊர்ப்பெயர், எந்தப் பக்கம் பிரிகிறது. இவற்றோடு இன்னொன்று, என்னைக் கேட்டால் அதுதான் முக்கியம்: நம் எக்ஸிட்டுக்கு முந்தைய எக்ஸிட் எது. அந்தப் பெயரைப் பார்த்ததும் ஓர லேனுக்குப் போய்விட்டால் யோசிக்கவே வேண்டாம். எக்ஸிட் எண்கள் மைல் கணக்கில் இருக்கும் இடங்களில் இன்னும் சுலபம். 42ஐத் தாண்டினோம், நமக்கு 45 என்றால் இன்னும் சுமார் 3 மைல். 45ஏ, 45பி என்று எழுத்து வந்தால் அவை பக்கம் பக்கமாக இருக்கும் என்று அர்த்தம். எண்கள் இறங்குமுகமாக வரும் திசையில் பி முதலில் வரும், ஏ பிறகு. இங்கே ஏமாறுகிறவர்கள் நிறைய பேர்.

நகரத்தைத் தாண்டி நேராகப் போகிறவர் நடு லேனில் இருப்பது நல்லது. ஓர லேன் எப்போது எக்ஸிட்டாக மாறும் என்று தெரியாது. சில பழைய சாலைகளில் வேக லேன் பக்கமே எக்ஸிட் பிரியும்.

ஜிபிஎஸ் குரலை மட்டும் நம்பி இன்டர்சேஞ்சுக்குள் போகாதீர்கள். ஒன்றன் மேல் ஒன்றாகச் சாலை ஓடும் இடத்தில், நாம் மேலே இருக்கிறோமா கீழே இருக்கிறோமா என்று அது பல நேரம் குழம்பும். சுரங்கத்துக்குள் சிக்னலே போய்விடும். இருநூறு மீட்டருக்குள் இரண்டு பிரிவு வந்தால் ஒன்றைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். பக்கத்து சீட்டில் ஒருவர் இருந்தால் போனை அவரிடம் கொடுத்துவிடுங்கள். அவருக்கும் ஒரு வேண்டுகோள்: "இதுதான், இதுதான், திரும்புங்க!" என்று கத்தாதீர்கள். தாண்டிவிட்டால் "சரி, அடுத்ததுல இறங்கிக்கலாம்" என்று சொல்லுங்கள், டிரைவரின் கை தானாகத் தளரும். எக்ஸிட்டுக்கு முன்னால் வண்டிக்குள் நடக்கும் சண்டை பலகையை விடப் பெரிய ஆபத்து.

இறங்கும்போது ஸ்பீடோமீட்டரைப் பாருங்கள். ஒரு மணி நேரம் 110இல் ஓட்டியபின் 70 என்பது நின்றுகொண்டிருப்பது போலத் தோன்றும். ஹைவேயிலிருந்து இறங்கி வளையும் ராம்ப்பில் 40 என்று போட்டிருந்தால் அது சும்மா போட்டது இல்லை. லாரி கவிழும் ஆபத்து இங்கே அதிகம். பிரேக்கை எக்ஸிட் லேனுக்குள் வந்தபிறகு போடுங்கள், ஹைவேயிலேயே போட்டால் பின்னால் வருகிறவர் மாட்டிக்கொள்வார்.

தவறவிட்ட பிறகும் ஒரு விஷயம் இருக்கிறது. எல்லா எக்ஸிட்டிலும் இறங்கியவுடன் எதிர்த்திசையில் ஏற வழி இருக்காது. அதனால் அவசரப்பட்டுச் சொந்தமாக வழி தேடாமல், மேப் புது வழி சொல்லும்வரை போய்க்கொண்டே இருங்கள், அல்லது இறங்கி ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்திப் பாருங்கள். லேனுக்கு வெளியே இருக்கும் ஓரப் பகுதியான ஷோல்டரில் ரிவர்ஸ் எடுப்பதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். நூறில் வருகிறவருக்கு, முன்னால் இருக்கும் வண்டி பின்னோக்கி வருகிறது என்பது புரியவே நேரம் போதாது.

வீட்டில் யாராவது புதிதாக ஓட்டப் பழகுகிறார்கள் என்றால் இதையும் பழக்குங்கள். டிரைவிங் வகுப்பில் பார்க்கிங்குக்கு எவ்வளவு நேரம் செலவழிக்கிறோம்! ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சாலை காலியாக இருக்கும்போது ஹைவேக்கு அழைத்துப் போய், ஓர் எக்ஸிட்டின் பெயரைச் சொல்லி, அதை வேண்டுமென்றே விட்டுவிடச் சொல்லுங்கள். அடுத்ததில் இறங்கி, திரும்பி வந்து, அதே இடத்தைச் சரியாகப் பிடிக்கட்டும். பிறகு ஒரு நாள் இருட்டியபின் இன்னொரு முறை.